வானிலை மாறும்போது நன்னீர் மீன் எங்கே போகிறது, எப்போது கடிக்கிறது

கேள்வி சுருக்கமாக இது: ஏரி, குளம், ஆறு போன்ற நன்னீரில் ஒரு நாள் விடாமல் கடித்த இடத்தில், அதே இரைக்கு, வானிலை மாறிய மறுநாள் தக்கை அசையவே இல்லை. காற்றழுத்தம் பார்த்துக் கிளம்புவதா? மழைக்கு முன்னால் போவதா, பின்னால் போவதா? காற்றடித்தால் எந்தக் கரையில் உட்காருவது?

மீன் தண்ணீருக்குள் வாழ்கிறது. மேகமோ வெயிலோ காற்றோ, தண்ணீரை எவ்வளவு மாற்றுகிறதோ அவ்வளவுதான் அதற்குப் பொருட்டு. மாறக்கூடியவை நான்கு: நீரின் வெப்பம், கரைந்திருக்கும் ஆக்சிஜன், உள்ளே இறங்கும் வெளிச்சம், நீரின் ஓட்டமும் மட்டமும். எந்த வானிலையானாலும் இந்த நான்கில் எது மாறியது, எவ்வளவு வேகமாக மாறியது, எந்த ஆழத்தில் மாறியது என்று கேட்டுப் பழகினால், மீன் இடம் மாறியிருக்கிறதா, இருந்த இடத்திலேயே வாயை மூடிக்கொண்டிருக்கிறதா என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

காற்றழுத்தத்தை முதலில் முடித்துவிடலாம்

அதிகம் பேசப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். கடல்மட்டத்தில் இயல்பான காற்றழுத்தம் சுமார் 1013 ஹெக்டோபாஸ்கல். பெரும்புயல்களை விட்டுவிட்டால், வானிலை மாற்றத்தில் அது ஏறி இறங்குவது பெரும்பாலும் 10 முதல் 20 ஹெக்டோபாஸ்கல். ஆனால் தண்ணீரில் 10 செ.மீ. கீழே போனாலே அழுத்தம் கிட்டத்தட்ட 10 ஹெக்டோபாஸ்கல் கூடிவிடும். அதாவது ஒரு புயற்சின்னம் கொண்டுவரும் அழுத்த மாற்றத்தை, மீன் ஒரு சாண் மேலேயோ கீழேயோ நகர்ந்து ஈடுகட்டிவிடலாம். இரை தேடும்போது அது அரை மீட்டர், ஒரு மீட்டர் என்று நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே, அழுத்தம், மீன் மிதக்க உதவும் காற்றுப்பையை அமுக்குவதால்தான் அது தின்பதை நிறுத்துகிறது என்ற விளக்கம் கணக்குக்கு நிற்காது.

ஆனாலும் அழுத்தம் இறங்கும்போது கடி நன்றாக இருப்பதும், ஏறி நின்றபின் மந்தமாவதும் பலரின் அனுபவம். அழுத்தம் இறங்கும்போது மேகம் கூடுகிறது, காற்று எழும்புகிறது, வெளிச்சம் மங்குகிறது. ஏறும்போது வானம் துடைத்துவிட்டதுபோல் தெளிகிறது, காற்று குளிர்ந்து வறள்கிறது. கடியை மாற்றுவது இந்தக் கூட்டாளிகள். அழுத்தமானி அவர்கள் வருவதை முன்கூட்டிச் சொல்லும் கருவி. அந்த அளவில் அது மிகவும் பயனுள்ளது.

அதைப் பார்க்கும்போது இரண்டு பிழைகள் சகஜம். வெப்பமண்டலத்தில் வானிலை துளியும் மாறாத நாளிலும் அழுத்தம் நாளுக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். காலை 10 மணியை ஒட்டியும் இரவு 10 மணியை ஒட்டியும் உச்சம்; மாலை 4, அதிகாலை 4 மணியை ஒட்டித் தாழ்வு. வேறுபாடு இரண்டு, மூன்று ஹெக்டோபாஸ்கல் இருக்கும். மதியத்துக்கு மேல் இப்படி இறங்குவதைப் பார்த்து மழை வரப்போகிறது என்று நினைத்துவிடக் கூடாது. நேற்று இதே மணிக்கு என்ன இருந்தது என்பதோடு ஒப்பிட வேண்டும். இரண்டாவது, கைபேசியில் உள்ள உணரி காட்டுவது நீங்கள் நிற்கும் உயரத்தின் அழுத்தம். 8 மீட்டர் ஏறினாலே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மேட்டிலிருந்து அணையடிக்கு இறங்கிவந்து, அழுத்தம் ஏறிவிட்டது என்று முடிவுகட்டுவதில் பொருளில்லை. ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கையில், இந்த அன்றாட ஏற்ற இறக்கத்தைக் கழித்த பிறகும் மூன்று மணி நேரத்தில் 3 ஹெக்டோபாஸ்கலுக்கு மேல் இறங்கினால், உண்மையிலேயே ஏதோ வருகிறது. அதற்கு முந்தைய சில மணி நேரம் தண்ணீர்க் கரையில் இருப்பதற்கு நல்ல நேரம்.

வெப்பம்: எண்ணை விட, அது போகும் திசை முக்கியம்

மீனின் உடல்வெப்பம் சுற்றியுள்ள நீரின் வெப்பமே. தாங்கும் எல்லைக்குள், நீர் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உடல் இயக்கம் ஏறத்தாழ இரு மடங்காகும். பசியும் செரிமானமும் அதோடு ஏறும். குளிர்ந்த நீரில் ஒரு முறை தின்ற மீனுக்கு அது நெடுநேரம் போதும். சூடான நீரில் சீக்கிரமே மறுபடி பசிக்கும்.

ஒவ்வொரு மீனுக்கும் தோதான வெப்பம் வேறு. வானவில் ட்ரவுட் 10 முதல் 16 டிகிரியில் நன்றாகத் தின்னும். 20ஐத் தாண்டினால் அவதிப்படத் தொடங்கும். பெருவாய் பாஸ் 18 முதல் 27 வரை துடிப்பாக இருக்கும். காமன் கார்ப் என்னும் சாதாக் கெண்டைக்கு 20 முதல் 28 நல்லது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் 25க்கு மேல்தான் முழுப்பசியில் மேயும். ஜிலேபி (திலாப்பியா மீன்) 16, 17 டிகிரிக்குக் கீழே போனால் தின்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். 10, 12 டிகிரியில் சாகவும் கூடும். விராலுக்கு வெயில் காய்ச்சிய ஓரத்து நீர்தான் பிடிக்கும்.

இந்த எண்களை மட்டும் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். நீர் 22 டிகிரி என்பதற்குள் இரண்டு வேறு நாட்கள் ஒளிந்திருக்கலாம். குளிர் விலகி, நான்கைந்து நாளில் 18லிருந்து மெல்ல ஏறி 22ஐத் தொட்டிருந்தால் மீன் ஓரத்துக்கு வந்து வெறியோடு தின்னும். 26லிருந்து ஒரே இரவில் 22க்குச் சரிந்திருந்தால் அதே மீன் அடியில் போய் ஒண்டிக்கொள்ளும். வெப்பம் வேகமாக மாறுவது, குறிப்பாக வேகமாகக் குறைவது, கடியை அடக்குகிறது. புதிய வெப்பத்துக்கு உடல் பழக ஒன்றிரண்டு நாள் பிடிக்கும்.

ஆழமும் கணக்கில் வர வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெயில், 30 செ.மீ. ஆழத்தை மூன்று டிகிரிக்கு மேல் சூடாக்கும். இரவில் குளிர்வதும் அதே விகிதத்தில். ஆழமில்லாத குளம் வானிலைக்கு உடனே ஆடும். பெரிய நீர்த்தேக்கம் ஓரிரு நாள் தாமதமாக அசையும். ஆகவே திடீர்க் குளிருக்கு மறுநாள் போவதானால் ஆழமான பெரிய நீர்நிலைக்குப் போங்கள். குளிர்காலத்தில் தொடர்ந்து மூன்று நாள் வெயில் அடித்தால், காற்று மறைவான ஆழமில்லாத சிற்றோரத்துக்கு மதியம் ஒரு மணிக்கு மேல் போங்கள். அடி கருமண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. குளிர்காலத்தில் விடிகாலையில் போய் நடுங்கிக்கொண்டு உட்காருவதால் பெரிய லாபம் இல்லை.

வெப்பத்தை ஊகிக்காமல் அளக்கலாம். மேல்மட்டத்துக்குச் சாதாரண வெப்பமானி போதும், ஆனால் மீன் இருப்பது பெரும்பாலும் கீழே. அரை லிட்டர் பாட்டிலின் கழுத்தில் கயிறு கட்டி, அடியில் 600, 700 கிராம் ஈயமோ ஒரு கிலோ கல்லோ கட்டுங்கள். பாட்டில் கனமாக இல்லாவிட்டால் காற்றோடு மிதக்கும், அமிழாது. வாயை இறுக்கமில்லாத தக்கையால் அடைத்து, அந்தத் தக்கைக்கு இன்னொரு கயிறு. வேண்டிய ஆழத்துக்கு இறக்கியதும் தக்கைக் கயிற்றைச் சுண்டினால் அந்த ஆழத்து நீர் நிரம்பும். இரண்டு நிமிடம் அங்கேயே விட்டு, சட்டென்று மேலே இழுத்து உடனே அளந்துவிட வேண்டும். ஒவ்வொரு மீட்டராக இதைச் செய்தால், ஏதோ ஓர் ஆழத்தில் ஒரு மீட்டருக்குள் ஒரு டிகிரிக்கு மேல் சரிவது தெரியவரும். வெயில்காலத்தில் நீர் இப்படி அடுக்காகப் பிரியும்: மேலே வெதுவெதுப்பான இலேசான நீர், கீழே குளிர்ந்த கனத்த நீர். வளமான, பாசி படிந்த நீர்நிலைகளில் கீழடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோயிருக்கும். வெயிலுக்கு மீன் ஆழத்துக்குப் போயிருக்கும் என்று நினைத்து 8 மீட்டரில் இரையை இறக்கி, 4 மீட்டரிலேயே அடுக்கு பிரிந்திருந்தால், நாள் முழுக்க உயிரற்ற நீரில் தூண்டில் போட்டதாகத்தான் ஆகும். அடுக்குப் பிரியும் ஆழத்துக்குச் சற்று மேலே இரையை நிறுத்துவதுதான் சரி.

திடீர்க் குளிர் வந்து வானம் தெளிந்த நாள்

மேகமும் மழையும் கடந்துபோய், மறுநாள் வானம் நீலமாக, காற்று குளிர்ந்து வறண்டு கிடக்கும். உட்காரச் சுகமான நாள். மீன் பிடிக்க மோசமான நாள். நீர் சரிந்திருக்கிறது, தெளிந்த வானத்தால் வெளிச்சம் ஆழமாக இறங்குகிறது, வறண்ட காற்று நீரை ஆவியாக்கி மேலும் குளிர்விக்கிறது. மீன் செடி, கட்டை, பாறை இடுக்கோடு ஒட்டி நின்றுவிடும். துரத்தித் தின்னாது, வாய்க்கு நேரே வந்தால் தின்னும்.

எனவே பெரிய, வேகமான எதையும் தவிர்க்க வேண்டும். செயற்கை இரையின் அளவைப் பாதியாக்குங்கள். ரீலைச் சுற்றும் வேகத்தையும் பாதியாக்குங்கள். மறைவிடத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விழுந்த இரை வீண். ஒரு சாணுக்குள் விழ வேண்டும். மண்புழு, மாவு போடுகிறவர்கள் தூண்டில் முள்ளை இரண்டு அளவு சிறிதாக்கி, தூண்டில் நரம்பை 0.25 மி.மீ.யிலிருந்து 0.18க்கு மாற்றலாம். மீனை வரவழைக்கத் தூவும் தீனியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். கடி இல்லையே என்று மேலும் மேலும் இறைப்பார்கள். செரிமானம் மந்தமான மீனுக்கு அது உங்கள் முள்ளைத் தொடாமலேயே வயிறு நிறையும் வழி. வழக்கமாக ஒரு கிலோ தூவும் இடத்தில் 200 கிராமுக்கு மேல் போகாதீர்கள். நேரம் பிற்பகல், நீர் அன்றைக்கு ஏறக்கூடிய அளவு ஏறியிருக்கும். கெளுத்தி போன்ற இரவு மீன்களைத் தேடுவதானால் அன்றைய இரவை விட்டுவிட்டு மறு இரவு போவது மேல்.

காற்று

வானிலையில் கடியை மிக அதிகமாக மாற்றுவதும், மிகக் குறைவாகப் பயன்படுத்தப்படுவதும் காற்றுதான். வீசுவதற்கு வசதியாகக் காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால், பெரும்பாலான வெப்பகால நாட்களில் மீன் எதிர்க்கரையில் இருக்கும்.

காற்று மேல்மட்ட நீரைத் தான் போகும் பக்கம் தள்ளுகிறது. அந்த நீரோடு நுண்பாசியும் நுண்ணுயிர்களும் உதிர்ந்த பூச்சிகளும் போய்ச் சேரும். சிறு மீன் அதைத் தேடி வரும், பெரிய மீன் சிறு மீனைத் தேடி வரும். அலை மோதும் கரையில் நீர் கலங்குகிறது, ஆக்சிஜன் கூடுகிறது, அடியிலிருந்து புழுக்கள் கிளம்புகின்றன. அலைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் வேட்டை மீன் பயமின்றி முழங்கால் ஆழத்துக்கும் வரும். சிறு குளத்தில் இரண்டு மூன்று மணி நேரம் ஒரே திசையில் அடித்தால் இது தொடங்கிவிடும். பெரிய ஏரியில் ஒரு நாளாவது வேண்டும். திசை மாறிக்கொண்டே இருக்கும் காற்றால் பயனில்லை.

அடுக்குப் பிரிந்த ஏரியில் உள்ளே இன்னொன்றும் நடக்கும். வெதுவெதுப்பான மேல்நீர் காற்று போகும் கரையில் குவிய, அங்கே அடுக்கின் எல்லை கீழே இறங்கும். காற்று வரும் கரையில் அது மேலே எழும்பி, குளிர்ந்த, ஆக்சிஜன் குறைந்த நீர் ஓரம்வரை வந்துவிடலாம். அமைதியான அந்தக் கரையில் நீர் சட்டென்று சில டிகிரி குளிர்ந்து மீன் காணாமல் போவதற்குக் காரணம் இதுதான். காற்று நின்றபின் இந்த எல்லை முன்னும் பின்னும் ஊசலாடும்; பெரிய ஏரிகளில் நாட்கணக்கில் ஆடும். ஆழத்தில் போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு, மேலே எந்த மாற்றமும் இல்லாமலேயே மீன் இரண்டு மீட்டர் ஏறியோ இறங்கியோ போயிருப்பது இதனால்தான். தக்கையின் ஆழத்தை அரைமணிக்கு ஒரு முறை அரை மீட்டர் மாற்றிப் பார்ப்பது அப்போது கைகொடுக்கும்.

படகில் இருந்தால் நீர்மேல் காற்றின் திசைக்கு இணையாக ஓடும் நுரைக் கோடுகளைக் கவனியுங்கள். மணிக்கு 10, 12 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசும்போது, நீர் காற்றுக்கு இணையாக உருளை உருளையாகச் சுழல்கிறது. இரண்டு உருளைகள் உள்நோக்கிச் சேரும் இடத்தில் நுரையும் குப்பையும் கோடாகத் தேங்குகின்றன. இதை அமெரிக்க வேதியியலாளர் இர்விங் லாங்முயர் 1938இல் விளக்கினார். மிதக்கும் இரையெல்லாம் அந்தக் கோட்டில்தான் சேரும். மேல்மட்டத்தில் மேயும் மீன்களுக்கு இரையைக் கோட்டின் மேலேயே போட வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவே போடுவதில் அர்த்தமில்லை.

விதிவிலக்கு குளிர்காலம். குளிர்ந்த வறண்ட காற்று வீசும்போது அலை மோதும் கரைதான் ஏரியிலேயே குளிர்ந்த இடமாகிவிடும். அப்போது காற்று மறைவான, வெயில் படும் ஓரமே சரி.

காற்றில் கருவி பிழைப்பதும் உண்டு. நரம்பு காற்றில் வில்போல் வளைந்து தக்கையை இழுத்துக்கொண்டு போகும். இரை இயல்பில்லாமல் நகர்வதால் மீன் விலகும். இரையை இலக்குக்கு மூன்று நான்கு மீட்டர் அப்பால் வீசி, கோலின் நுனியை நீருக்குள் அமிழ்த்தி, வேகமாகச் சுற்றி நரம்பை மூழ்கடித்துவிடுங்கள். தக்கை அடிப்பக்கம் மட்டும் நரம்பில் மாட்டப்பட்டதாக இருக்க வேண்டும். இரு முனையும் கட்டிய தக்கை காற்றுக்கு நிற்காது. ஈயத்தின் எடையை ஒன்றரை மடங்காக்கி, அதில் ஒரு குண்டை முள்ளிலிருந்து 15 செ.மீ. மேலே தரையில் படும்படி விட்டால் இரை நிலைக்கும்.

மழை

மழை என்று பொதுவாகச் சொல்லிப் பயனில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரத்தில், எத்தனை நாள் வறட்சிக்குப் பிறகு என்பதைப் பொறுத்து விளைவு தலைகீழாகும்.

மழை நேரடியாக விழுவதால் குளம் குளிர்ந்துவிடும் என்பது மிகைப்படுத்தப்பட்ட எண்ணம். ஒரு மீட்டர் ஆழக் குளத்தில் 25 மி.மீ. மழை விழுந்தால் நீரின் அளவு 2.5 சதவீதம்தான் கூடும். அந்த மழைநீர் குளத்தை விட ஐந்து டிகிரி குளிர்ந்திருந்தாலும், கலந்தபின் மாற்றம் ஒரு டிகிரியில் எட்டில் ஒரு பங்கு. குளிர்விப்பது மழையோடு வரும் மேகமும் காற்றும், சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஓடிவரும் வெள்ளமும்தான். அதனால் கவனிக்க வேண்டிய இடம் நீர் வந்து சேரும் வாய்.

தூறலும் மிதமான மழையும் வெப்பகாலத்தில் நல்ல நேரம். நீர்முகம் கலைந்து வெளிச்சம் குறைகிறது, கரையில் நிற்பவரின் நிழலும் அசைவும் தெரிவதில்லை, மரங்களிலிருந்து பூச்சிகள் உதிர்கின்றன. முதல் மழைக்குப் பிந்திய மாலையில் ஈசல் கிளம்பினால் வேறெதையும் யோசிக்க வேண்டாம்: சிறு முள்ளில், ஈயமே இல்லாமல், ஈசல் ஒன்றிரண்டைக் கோத்து நீர்மேல் மிதக்கவிட்டால் கெண்டை வகைகள் போட்டிபோட்டு வரும். அன்று அடியில் போட்ட மாவுருண்டையைச் சீண்டக்கூட மாட்டா.

நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் பெருமழை வேறு. அது நிலத்தில் தேங்கிய சாணம், சாம்பல், அழுகல் எல்லாவற்றையும் ஒரே அடியில் அடித்துக்கொண்டு வரும். அவை அழுகும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். நீர் நுழையும் வாயில் உணவு வந்து குவிந்தும் முதல் நாள் மீன் அங்கே வராமல் தள்ளி நிற்பது இதனால்தான். ஓடிவரும் நீர் கறுப்பு நீங்கி மண்நிறத்துக்கு வந்த பிறகு, கலங்கலும் தெளிவும் சந்திக்கும் விளிம்பில் போடுங்கள். கெளுத்தியும் வாளையும் கலங்கல் பக்கமும், கண்ணால் வேட்டையாடும் மீன்கள் தெளிந்த பக்கமும் நிற்கும்.

ஆற்றில் மழையின் கதை மூன்று கட்டங்கள். நீர் நிறம் மாறத் தொடங்கி மெல்ல ஏறும் முதல் சில மணி நேரம் நல்ல கடி. பெருக்கெடுத்துக் குப்பையும் கிளையும் வரத் தொடங்கினால் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மீன் ஓட்டத்துக்கு ஒதுங்கி உயிரைக் காப்பதில் இருக்கும், நீங்கள் வழுக்கி விழுவதற்கும் அப்போதுதான் வாய்ப்பு அதிகம். பிறகு மட்டம் இறங்கித் தெளியும்போது, பார்வை ஒரு முழம் அளவுக்கு வந்தவுடன், மூன்றிலும் சிறந்த நேரம் அதுவே. அப்போது மீன் நடு ஓட்டத்தில் இருக்காது. பாறைக்குப் பின்னால், வளைவின் உட்பக்கம், ஓட்டம் திரும்பிச் சுழலும் மடுவில், கிளையாறு சேரும் இடத்தில் இருக்கும். ஏரியிலும் ஒரு எளிய வழி உண்டு: மட்டம் ஏறும்போது மீன் புதிதாக மூழ்கிய புல்லோரத்துக்கு வரும், மட்டம் இறங்கத் தொடங்கினால், ஓரத்தில் எவ்வளவு இரை இருந்தாலும் சிக்கிக்கொள்ளாமல் ஆழத்தின் விளிம்புக்குத் திரும்பிவிடும்.

கலங்கலை அளக்க 20 செ.மீ. அகலமுள்ள வெள்ளைத் தட்டு ஒன்று போதும். எடை கட்டிக் கயிற்றில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறியுங்கள். இத்தாலிய வானியலாளர் ஆஞ்செலோ செக்கி 1865இல் கடல்நீரின் தெளிவை அளந்த முறைதான் இது. 20 செ.மீ.க்குள் மறைந்தால் கண்ணை நம்பும் இரையை மறந்துவிட்டு, மணமுள்ள இரை, மண்புழுக் கொத்து, சுழலும் தகட்டால் அதிர்வெழுப்பும் ஸ்பின்னர் என்று போங்கள். நிறம் கறுப்பு அல்லது மிகப் பளிச்சிடும் மஞ்சள். 50 செ.மீ. முதல் ஒரு மீட்டர் வரை எல்லாம் வேலை செய்யும். இரண்டு மீட்டருக்கு மேல் தெரிந்தால் மெல்லிய நரம்பு, இயற்கை நிறம், தூர வீச்சு, குறைந்த வெளிச்சம். இந்த நான்கும் தேவை.

மேகம், வெயில், விடிகாலைப் பொய்

மேகமூட்டம் வேட்டை மீன்களை மறைவிடத்திலிருந்து வெளியே கொண்டுவரும். அவை அலைந்து தேடும். ஆகவே நீங்களும் இடம் மாறிக்கொண்டே விரைவாக வீசிப் பார்க்கலாம். வெயில் நாளில் அவை நிழலில் நிலைத்து நிற்கும். குறைந்த இடங்களில் துல்லியமாகப் போட வேண்டும். தவளை வடிவச் செயற்கை இரையை வைத்து விராலைத் தேடுகிறவர்களுக்கு இது ஒரு வசதி: நல்ல வெயிலில் விரால் எங்கே இருக்கும் என்பதைச் செடி மூடிய பகுதியின் ஓட்டைகளே காட்டிக்கொடுக்கும்.

கடும் வெப்பத்தில் பிரச்சினை ஆக்சிஜன். கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 20 டிகிரியில் 9.1; 30 டிகிரியில் 7.6. மீனின் தேவையோ வெப்பத்தோடு ஏறுகிறது. பெரும்பாலான வெப்பநீர் மீன்கள் 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் தின்பதை விட்டு மூச்சுக்கே போராடும். ட்ரவுட்டுக்கு 5க்குக் கீழேயே சிரமம்.

இங்கேதான் விடிகாலையே சிறந்தது என்ற பொது விதி உடைகிறது. செடியும் பாசியும் அடர்ந்த பச்சைக் குளத்தில் அவை பகலில் ஆக்சிஜனை வெளியிடும், இரவு முழுக்க உள்ளிழுக்கும். அதனால் ஆக்சிஜன் மிகக் குறைந்த நேரம் விடிவதற்குச் சற்று முன். மிக அதிகமான நேரம் பிற்பகல். அப்படிப்பட்ட குளத்தில் விடிகாலையில் தூண்டில் போட்டவருக்குக் கடி இல்லாமல், காலை 8 மணிக்கு மேல் திடீரென்று தொடங்கும். தெளிந்த, பாறை அடியுள்ள, ஓட்டமுள்ள நீரில் விடிகாலை விதி சரியே. மூன்று நான்கு நாள் தொடர்ந்து மேகம் மூடியிருந்தால் பச்சைக் குளத்தில் பகல் உற்பத்தியும் குறைந்து, நாளுக்கு நாள் நிலைமை மோசமாகும். மேகமூட்டம் கடிக்கு நல்லது என்று நம்பிப் போய் வெறுங்கையோடு திரும்புவது பெரும்பாலும் இத்தகைய குளங்களிலிருந்துதான்.

மீன் நீர்முகத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் அது பசி இல்லை, மூச்சுத்திணறல். கோடையில் அடுக்குப் பிரிந்த குளத்தில் இடிமழையும் பலத்த காற்றும் வந்து, ஆக்சிஜனற்ற அடிநீர் மேலே கலந்துவிட்டால் இப்படி நடக்கும். அழுகிய முட்டை வாடையும் வரும். அங்கே தூண்டில் போட்டுப் பயனில்லை. காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடிய விரால், பனையேறி போன்றவை மட்டும் அப்போதும் இரை எடுக்கலாம். மற்ற மீன்கள் பிழைத்திருந்தால் நீர் வந்து விழும் இடத்தில் கூட்டமாக ஒதுங்கும்.

மீனைப் பிடித்து மறுபடி நீரிலேயே விட்டுவிடுகிறவர்களுக்குக் கடும் வெப்பத்தில் கூடுதல் பொறுப்பு. ட்ரவுட் நீரில் 20 டிகிரி தாண்டினால் அன்றைக்கு நிறுத்திவிடுவது நல்லது; நீந்திப் போன மீன் பிறகு செத்துவிடக்கூடும். மற்ற மீன்களுக்கும் சற்றுத் தடித்த நரம்பில் சீக்கிரம் இழுத்து, முள்ளை நீருக்குள்ளேயே கழற்றி, வெளியே எடுப்பதைப் பத்து விநாடிக்குள் முடித்துவிடுங்கள்.

பனி உருகும் மலையாறுகளில் மட்டும் நாளின் கணக்கே வேறு. வெயில் ஏற ஏறப் பனி உருகி, பிற்பகலில் ஆறு குளிர்ந்து கலங்கிப் பெருகும். அங்கே மேகமூட்டமான நாளும் முற்பகலும் நல்லவை; வானம் பளீரென்று இருக்கும் நாளில் மதியத்துக்கு முன் முடித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது கோலை மடக்க வேண்டும்

மழைக்கு முன்னால் கடி நன்றாக இருக்கும் என்பதே ஆபத்தும் கூட. நன்றாகக் கடிக்கும்போது யாரும் எழ மாட்டார்கள். கார்பன் இழைக் கோல்கள் மின்சாரத்தைக் கடத்தும். திறந்த நீர்க்கரையில் அதை உயர்த்திப் பிடித்து நிற்பவர்தான் சுற்றுவட்டத்தில் உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 விநாடி என்றால் தொலைவு சுமார் 10 கிலோமீட்டர். அந்தத் தொலைவுக்குள் இருந்தாலே அடுத்த மின்னல் உங்கள் மேல் விழலாம். இடி காதில் விழுந்தவுடன் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்கோ மூடிய வாகனத்துக்கோ போய்விட வேண்டும். தனிமரத்தடி கூடாது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் திரும்ப வேண்டும்.

ஆற்றில் நிற்பவர்களுக்கு, தலைக்கு மேலே வானம் தெளிவாக இருப்பது உத்தரவாதமில்லை. மழை மேலே மலையில் பெய்திருக்கலாம். நீரில் திடீரென்று இலைச்சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, நிறம் மாறுவது, ஓசை கனப்பது, கரையில் குறித்து வைத்த கல் மூழ்குவது: இவற்றில் ஒன்றைக் கண்டாலும், முள்ளில் மீன் மாட்டியிருந்தாலும் நரம்பை அறுத்துவிட்டு மேட்டுக்கு ஏறிவிடுங்கள். நடு ஆற்றுத் திட்டில் நிற்பவர் முதலில் பார்க்க வேண்டியது தக்கையை இல்லை, திரும்பிப் போகும் வழியில் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை.